அடைக்கோழிக்கு அடியில் ஒரு பச்சை விளக்கு

காலை பதினொன்றேகால் இருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் குப்புறப் படுத்திருந்தேன். வலது கை முழங்கை வரைக்கும் ஒரு பிரம்புக் கூடைக்குள் இருந்தது. கூடைக்குள் ஓர் அடைக்கோழி. அது என் மணிக்கட்டை நின்று நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது, தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவரைப் போல.

தலைக்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி உள்ளே என் மதினி. இஸ்திரி போட்ட நீலச் சேலை, தலையில் ஒரு முழம் மல்லிகை. எதிரே இருந்த லேப்டாப்பைப் பார்த்து மூன்றாவது தடவையாக, "மேடம், நான் பேசுறது கேக்குதுங்களா?" என்றார்.

கேட்டிருக்காது. காரணம் நான்தான்.

என் காலடியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் நீள நோட்டு. இன்னொருத்தி கையில் ஸ்டாப்வாட்ச்.

"ஏலே சுருளி, கோழிக்குள்ள என்னத்தடா தேடுற?" என்றார் நோட்டுக்காரர்.

ஒரு பொத்தானைத் தேடினேன். அது பதினோரு முட்டைக்கு நடுவே எங்கேயோ இருந்தது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் இந்தக் கூடைக்கு வருகிறேன். அதுவரை கோழி எங்கேயும் போகாது. அடைக்கோழி.

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் கம்ப்யூட்டருக்குள் எலி குட்டி போட்டதை எழுதியதும், உங்கள் வீட்டில் ஜீவராசி நுழையாத மின்சாரச் சாமானே கிடையாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். கிரைண்டர் இருக்கிறது.

பித்தளை ஆமை

நோட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன். தேனி கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைப்பார். அந்தப் பாதிக்குள் குனிந்து நுழைகிறவர்கள் எல்லாம் ஒரே ரகம். அல்லிநகரத்திலிருந்து நடந்து வருகிறவன், போடியிலிருந்து பைக்கில் வருகிறவன், மயிலாடும்பாறையிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வருகிற நான். எல்லோர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. இன்டர்நெட்டும் இருப்பதாகச் சொல்லிக்கொண்டோம்.

ஆரம்பத்தில் அது புலம்பல்தான். ஒருவன் புலம்பினால் அடுத்தவன் அதைவிடப் பெரிதாகப் புலம்பியாக வேண்டும். அப்படியே போய்ப் போய் ஒரு கட்டத்தில் அது பெருமையாகிவிட்டது.

வெங்காயம் நட்ட அன்றைக்கு ஒரு கேம் இறக்கத் தொடங்கினேன், களையெடுக்கும்போது பாதி வந்திருந்தது, அறுவடை அன்றைக்கு 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று வந்தது என்பேன் நான்.

கௌமாரி வேறு ஒன்று சொல்வாள். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தாளே, அவள்தான். வீரபாண்டிக்காரி, அம்மன் பெயரையே வைத்திருப்பவள், கல்லூரியில் என் வகுப்பு. ஊர்த் திருவிழாவைப் போனில் நேரலையாகப் பார்க்கலாம் என்று திறந்தாளாம். சப்பரம் அசையவில்லை. சரியென்று நேரிலேயே போய்க் கும்பிட்டு, ராட்டினம் சுற்றி, வளையல் வாங்கி, பஞ்சுமிட்டாய் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், போனில் மேளக்காரர் அப்போதுதான் குச்சியை ஓங்கியிருக்கிறார்.

"அடி விழுந்துச்சா?" என்று கேட்டோம்.

"அடுத்த வருசம் சொல்றேன்" என்றாள்.

கூடலூர்ப் பக்கத்து நண்பன் ஒருவனுக்குக் கஷ்டமே வேறு. வீட்டின் கிழக்கு அறையில் அவன் போன் தமிழ்நாட்டில் இருக்கும். மேற்கு அறைக்குப் போனால் மலை தாண்டிக் கேரளாவுக்குக் குடிபோய், நல்வரவு என்று செய்தி அனுப்பும். கக்கூஸ் மேற்கே இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை வரவேற்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வான்.

இப்படி ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்ததில் ஜெபராஜ் அண்ணனுக்கு ஒருநாள் எரிச்சல் வந்துவிட்டது. வாயால் அளந்தது போதும், கருவியால் அளப்போம் என்றார். பழைய சாமான்களோடு எப்போதோ வந்து சேர்ந்த பித்தளை ஆமை ஒன்று அவர் மேஜையில் கிடந்தது. ஒரு கால் குட்டை. வைத்தால் லேசாக ஆடும். அதுதான் கோப்பை என்று அறிவித்தார். சங்கத்துக்குப் பெயர் ஆமைச் சங்கம்.

விதிகளை நீள நோட்டில் எழுதினார். மாதம் ஒருமுறை இரண்டு பேர் போட்டியாளர் வீட்டுக்கே போய் மூன்று தடவை ஸ்பீடு டெஸ்ட் போடுவார்கள். யாருடைய வேகம் எல்லோரையும்விடக் குறைவோ அவருக்கு ஆமை. தொடர்ந்து ஐந்து மாதம் ஜெயித்தால் ஆமை அவருக்கே சொந்தம். ஒரே ஒரு விதியை மட்டும் சிவப்பு மையில் எழுதினார்: மெதுவு இயற்கையானதாக இருக்க வேண்டும். கீழே, அனுமதிக்கப்பட்ட காரணங்கள்: மலை, மழை, காற்று, குரங்கு.

கௌமாரி கேட்டுக்கொண்டதால் அணிலும் சேர்க்கப்பட்டது.

நான் வரிசையாக நான்கு மாதம் ஜெயித்தேன்.

என் திறமை ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்கு டவர் சிக்னல் மலையைச் சுற்றிக்கொண்டு வரும். ஒரு டாங்கிளை மூங்கில் கழியின் உச்சியில் கட்டித் தொழுவத்து மூலையில் நட்டு வைத்திருந்தேன். அங்கன மட்டும்தான் கொஞ்சம் கிடைக்கும். ஆடிக்காற்று அடித்தால் கழி சாயும். கழி சாய்ந்தால் நாங்கள் உலகத்தைவிட்டே சாய்ந்துவிடுவோம்.

ஆமையை முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா வாசலிலேயே மறித்தார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு ஊரே சொல்லுது. நீ பஸ்ஸுக்குக் காசு குடுத்து ஆமையைக் கூட்டிட்டு வர்றியா?"

இது பித்தளை என்றேன். பித்தளையில் செய்தாலும் பாம்பு பாம்புதான் என்றார். ஆகவே நான்கு மாதமும் ஆமை கொல்லையில், கோழிக்கூட்டுக் கூரைமேல் ஆடிக்கொண்டு இருந்தது.

சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஈஸ்வரி, ஊர் கம்பம், விலங்கியல் பட்டதாரி.

அண்ணன் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து வீடியோக்காரர் படத்தை இன்டர்நெட்டில் ஏற்றி இணைப்பை அனுப்பினார். சொந்தபந்தம் எல்லாம் பாய் விரித்து உட்கார்ந்தது. ஐயர் வந்தார். நின்றார். கால்மணி நேரம் கழித்து மந்திரத்தின் அடுத்த எழுத்தைச் சொன்னார். தாலியை எடுத்து மதினி கழுத்துக்கு அருகே அண்ணன் கொண்டுபோன நேரம் பார்த்து படம் நின்றுவிட்டது. அந்தச் சின்ன வட்டம் சரியாக மதினியின் கழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரு மாமா சொன்னார்: "மாப்ள இப்பவும் யோசிக்கிறாப்ல."

கூடமே சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவுக யோசிக்கல. இந்த வீட்டு நெட்டுதான் யோசிக்குது" என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இந்த ஆளிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று.

மதினி மெடிக்கல் கோடிங் படித்தார். நோயாளிக்கு என்ன ஆயிற்று, என்ன வைத்தியம் செய்தார்கள் என்று டாக்டர் எழுதியதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைக் கண்டுபிடித்துப் போடுகிற வேலை. காப்பீட்டுக்கு அந்த எண்தான் முக்கியமாம். தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம். அதைப் புரட்டினால் பொழுது போவதே தெரியாது. வாத்து கடித்தால் ஓர் எண் இருக்கிறது. கோழி கொத்தினால் வேறு எண். நானும் மதினியும் அதை வைத்து ஒரு மாதம் சிரித்தோம்.

பாடம் எல்லாம் இன்டர்நெட்டில்தான். உலையை வைக்கும்போது ஒரு பக்கத்தை அமுக்குவார். சோற்றை வடித்துவிட்டு வந்தால் பக்கம் வந்திருக்கும். ரசத்துக்கு ஒரு பக்கம், பொரியலுக்கு ஒரு பக்கம். அப்படி ஒரு வருடம் படித்துப் பரீட்சையிலும் தேறினார். வீட்டிலிருந்தே வேலை தருகிற கம்பெனிகள் இரண்டு கூப்பிட்டன. இரண்டு நேர்காணலிலும் முகம் தெரிவதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை மதினி லேப்டாப்பை மூடிவிட்டு, சேலைகூட மாற்றாமல் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். கழியைக் கொஞ்சம் நிமிர்த்திக் கட்டியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

அதற்கப்புறம்தான் கடமலைக்குண்டு பக்கமிருந்து கரண்டுக் கம்பம் கம்பமாக ஃபைபர் வயர் எங்கள் தெருவரைக்கும் வந்தது. அண்ணன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார், மதினிக்காக. பச்சை விளக்கு எரிகிற வெள்ளைப் பெட்டி ஒன்று வீட்டுக்குள் வந்தது. மதினி அதற்கு 'ஈஸ்வரி இல்லம்' என்று பெயர் வைத்தார். கல்யாண வீடியோவை எடுத்துப் போட்டார். அண்ணன் தயங்காமல் தாலி கட்டினார்.

வீடே சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் கொல்லையில் ஆமையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரே ஒரு மாதம். இப்போது போய் ஃபைபர்.

மெதுவை உண்டாக்குவது

என்னைப் போன்ற ஆட்களின் வியாதி இது. இருக்கிற வேகத்தை அனுபவிக்கத் தெரியாது. அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முடிவு செய்துவிட்டேன். சோதனை நாளுக்கு மட்டும் வேகத்தைக் குறைப்பது, ஆமை கைக்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிடுவது. ஃபைபர் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே பழைய ரௌட்டர் ஒன்றை வைத்து, லேப்டாப், போன் எல்லாவற்றையும் அதில் இணைத்தேன். அதற்குள் நானே ஒரு நிரல் எழுதிப் போட்டேன். எவ்வளவு வேகம் உள்ளே வந்தாலும் ஒரு சொட்டுதான் வெளியே போகும்.

முதல் முயற்சி தோல்வி. வேகம் குறைந்தது, ஆனால் சீராகக் குறைந்தது. குழாயை லேசாகத் திறந்த மாதிரி. ஜெபராஜ் அண்ணன் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். உண்மையான கிராமத்து மெதுவு அப்படி இருக்காது. அது ஓடும், நிற்கும், இருமும். வந்துவிட்டது என்று நாம் நிமிரும்போது பின்வாங்கும். காற்றடித்தால் ஒரு மாதிரி, மாடு கழியில் உரசினால் ஒரு மாதிரி. மூன்று நாள் பழைய டாங்கிளை உட்கார்ந்து கவனித்து அந்த மூச்சிரைப்பை அப்படியே நிரலில் கொண்டுவந்தேன். மாடு உரசுவதற்குக்கூட இரண்டு வரி எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல நிரல் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூங்கில் கழியையும் டாங்கிளையும் அப்படியே விட்டுவைத்தேன், சங்கத்தார் கண்ணுக்குத் தெரிய. ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்தேன், அவர்கள் போனில் 'ஈஸ்வரி இல்லம்' தெரிந்துவிடக் கூடாது என்று. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அணையும், திரும்ப அழுத்தினால் எரியும்.

பெட்டியை எங்கே ஒளிப்பது? கொல்லைத் தாழ்வாரத்தில் வைக்கோல் போட்ட பிரம்புக் கூடை ஒன்று சும்மா கிடந்தது. அதற்குள் வைத்து வைக்கோலை மூடினேன்.

பெட்டி எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. கோழி யோசித்தது. மறுநாளே வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா பார்த்தார். கோழி தானாகவே இடம் பார்த்து அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, நல்ல சகுனம் என்று பதினோரு முட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அடைக்கோழியைக் கலைத்தால் முட்டையெல்லாம் கூமுட்டையாகிவிடும், யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று உத்தரவு. இருபத்தொரு நாள் காவல். இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

அமீனா வந்த நாள்

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனை. மதினிக்கு மூன்றாவது கம்பெனி நேர்காணல் திங்கட்கிழமை. நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. வெள்ளி சாயங்காலமே நிரலை ஓடவிட்டேன், பழகட்டும் என்று.

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினேன், சங்கத்தாரை அழைத்துவர. நான் தெருமுனை திரும்பியதும் மதினிக்குப் போன் வந்திருக்கிறது. நேர்காணல் எடுக்க வேண்டிய மேடம் திங்கட்கிழமை விடுப்பு, இன்றைக்குப் பதினொரு மணிக்கு முடியுமா என்று. வீட்டு நெட் ஒரு மாதமாகப் பறக்கிறது. மதினி ஏன் முடியாது என்று சொல்லப்போகிறார்? பூ வைத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் இது ஒன்றும் தெரியாமல் ஜெபராஜ் அண்ணனையும் கௌமாரியையும் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தேன். மோர் கொடுத்தேன். அண்ணன் முதலில் போய்க் கழியைச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். தலையாட்டினார். கௌமாரி தன் போனை என் பழைய ரௌட்டரில் இணைத்து முதல் டெஸ்ட்டைப் போட்டாள். பூச்சியம் புள்ளி ஒன்று ஒன்பது எம்பி. இரண்டாவது டெஸ்ட், பூச்சியம் புள்ளி ஒன்று ஏழு.

"இருமுது பாருங்கண்ணே" என்றாள், திரையில் ஆடிய முள்ளை உற்றுப் பார்த்தபடி.

"சுருளி லைன்னா சும்மாவா?" என்று அண்ணன் என் தோளைத் தட்டினார். இன்னும் ஒரு டெஸ்ட். ஆமை எனக்கு.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. "மேடம், கேக்குதுங்களா?"

யாரோடு பேசுகிறார் என்று புரிய ஒரு நொடிதான் ஆயிற்று.

மூன்றாவது டெஸ்ட்டை முடித்துவிட்டு நிறுத்தலாமா என்று அரை நொடி நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். அடுத்த அரை நொடியில் அந்த மாட்டுத் தண்ணீர்த் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது.

போனை எடுத்து ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன், நிரலை நிறுத்த. வெள்ளைத் திரை. நடுவில் வட்டம். நிரல் எழுதிய அவசரத்தில் ரௌட்டருக்குள் நுழைகிற வழியையும் சேர்த்தே நெரித்து வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வர வேண்டும். அதன் மேல்கோடு வந்தது. இருமியது. பின்வாங்கியது. மாடு உரசியது. இவ்வளவு தத்ரூபமாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

ரௌட்டரைப் பிடுங்கினால் இருக்கிற சொட்டும் போய்விடும். மிச்சமிருந்த ஒரே வழி அந்தப் பொத்தான். ஃபைபரின் சொந்த வைஃபை எரிந்தால் மதினி லேப்டாப் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். ஓடினேன். சங்கத்தார் நோட்டோடும் ஸ்டாப்வாட்சோடும் பின்னால் வந்தார்கள்.

மறுபடியும் கூடைக்கு

ஆக, நான் குப்புறப் படுத்திருந்தேன். கோழி கொத்திக்கொண்டிருந்தது.

முட்டை. முட்டை. வைக்கோல். முட்டை. சூடான பிளாஸ்டிக்கின் ஓர் ஓரம். மேலே மதினி தந்தி அடிக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரு மூச்சு, அடுத்த வார்த்தை. அந்த வீட்டு நெட்டில் ஒரு வருடம் படித்தவர். துண்டு துண்டாகப் போனாலும் அர்த்தம் போய்ச் சேர வேண்டும் என்று பேசினார். குரல் நடுங்கவில்லை.

விரலில் பொத்தான் தட்டுப்பட்டது. அழுத்தினேன். ஒன்று. கோழி என் புறங்கையில் கொத்தியது. இரண்டு. அதே இடத்தில் கொத்தியது. மூன்று. சட்டைக் கையைக் கவ்வியது, விடவில்லை.

உள்ளே ஒரு பெண் குரல் லேப்டாப்பிலிருந்து பளிச்சென்று ஒலித்தது. "ஈஸ்வரி, இப்ப ரொம்பத் தெளிவா தெரியிறீங்க."

சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். கோழியும் என்னோடு எழுந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு இந்தப் பக்கம், மதினியின் தலைக்கு மேலே, திரையில் அந்த மேடம் பார்த்திருக்கக்கூடிய காட்சி: வைக்கோல் தலையோடு நான், சட்டைக் கையில் தொங்குகிற கோழி, பின்னால் நோட்டில் குறிப்பெடுக்கும் ஓர் ஆள், நேரம் பார்க்கும் ஒரு பெண்.

"உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரைக் கோழி கொத்துது" என்றது அந்தக் குரல்.

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. "லைன் பாக்குறவுங்க, மேடம்."

"சரி, அதையே கேக்கிறேன். அவருக்கு என்ன கோட் போடுவீங்க?"

"டபிள்யூ அறுபத்தொண்ணு புள்ளி மூணு மூணு" என்றார் மதினி, மூச்சுக்கூட விடாமல். அப்போதுதான் திரும்பினார். என் கையை ஒரு பார்வை பார்த்தார். "இன்னும் டாக்டர்கிட்ட போகல. அதனால முதல் வருகை. கடைசியில ஏ வரும், மேடம்."

அந்த மேடம் சிரித்த சிரிப்பு துண்டுபடாமல் முழுதாகக் கேட்டது. எங்கள் வீட்டில் வீடியோ காலில் முழுதாகக் கேட்ட முதல் சிரிப்பு.

இதற்கிடையில் கௌமாரி தன் போனைப் பார்த்தாள். 'ஈஸ்வரி இல்லம்', எல்லாக் கோடும் நிறைந்து. கூடையைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள் மெதுவாக, "முட்டை மினுக்குது."

விசாரணை தாழ்வாரத்திலேயே நடந்தது. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜெபராஜ் அண்ணன் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கௌமாரி நிரலைக் காட்டச் சொன்னாள். அமைப்புப் பக்கம் திறக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். படித்துவிட்டு, "மாடு ஒரசுறதக்கூட எழுதியிருக்கான்ணே" என்றாள். பாராட்டா குற்றச்சாட்டா என்று குரலில் தெரியவில்லை.

அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தார். ஜப்திக்கு வந்த கோர்ட் ஆளைப் போல நோட்டும் கையுமாக ஒருவர் வீட்டில் நிற்பதைப் பார்த்தார். கலைந்த கூடையைப் பார்த்தார்.

"ஆமை வந்தப்பவே நெனச்சேன்" என்றார். "அமீனாவும் வந்துட்டாகளா?"

தீர்ப்பு: நான்கு மாத வெற்றியும் ரத்து. கோழிக்கூட்டுக் கூரையிலிருந்து ஆமை இறக்கப்பட்டது. ஜெபராஜ் அண்ணன் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தார்.

இயற்கைச் சக்தி

மதினிக்கு வேலை கிடைத்தது. மாதப் பிறப்பிலிருந்து வரச் சொன்னார்கள், அதாவது உள் அறைக்கு. கோழியை அம்மா திரும்ப உட்கார வைத்தார். பதினொன்றில் ஒன்பது பொரித்தது. அந்தக் குஞ்சுகள் இன்றைக்கும் பச்சையாக எது எரிந்தாலும் பக்கத்தில் போய் நிற்கின்றன.

மதினி என்னைத் திட்டவில்லை. அன்று மதியம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கொழுந்தனாரே, அந்தப் பெட்டிக்குள்ள எப்படிப் போறதுன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினேன். நோட்டில் எழுதிக்கொண்டார். எதைத் தொட்டால் யாருக்கு வேகம் குறையும், யாருக்குக் கூடும் என்று கேட்டார். பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று கேட்டார். அதையும் காட்டினேன். இவ்வளவு சுறுசுறுப்பான மாணவி எனக்கு வாய்த்ததில்லை.

மறுநாளிலிருந்து லேப்டாப் பறந்தது. அண்ணன் போன் பறந்தது. அம்மாவின் பக்திப் பாட்டு தங்குதடையில்லாமல் ஓடியது. என் கம்ப்யூட்டரும் என் போனும் மட்டும் இருமின. மாடு உரசியது. என் நிரலை மதினி அழிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு, நிரந்தரமாக்கப்பட்ட பிறகு பார்க்கலாம் என்றார். அவருடைய வேலை நிரந்தரமாவதைச் சொல்கிறாரா, என் தண்டனையையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆமைச் சங்கத்துக்கு மனுப் போட்டேன். அதே இரண்டு பேர் வந்தார்கள். முதலில் கோழிக்கூடையைத் தூக்கிப் பார்த்தார்கள். மூன்று டெஸ்ட். பூச்சியம் புள்ளி ஒன்று ஒன்று. சங்க வரலாற்றில் இல்லாத குறைவு.

"ஏலே, இது இயற்கையா?" என்றார் ஜெபராஜ் அண்ணன், பேனாவை மூடாமல்.

கௌமாரி குறுக்கு விசாரணை செய்தாள். உன்னால் இதை நிறுத்த முடியுமா? முடியாது. கெஞ்சினாயா? கெஞ்சினேன். உன் அண்ணன் சொன்னால் கேட்பார்களா? அண்ணனே கேட்டுத்தான் நடக்கிறார். அம்மா? அம்மா அந்தக் கட்சி.

உள் அறையிலிருந்து மதினியின் குரல், யாரோ நோயாளியின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூவரும் அந்தச் சாத்திய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

ஜெபராஜ் அண்ணன் நோட்டைப் பின்னால் புரட்டி விதிப் பக்கத்தை எடுத்தார். மலை, மழை, காற்று, குரங்கு, அணில். கீழே சிவப்பு மையில் ஒரு சொல் சேர்த்தார். மதினி.

ஆமை வீடு திரும்பியது. இந்த முறை அம்மா தடுக்கவில்லை. மதினி அதை வாங்கித் துடைத்து, குட்டைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து, ஆடாமல் ஃபைபர் பெட்டியின்மேல் உட்கார வைத்தார். அங்கன யாரும் தொடக் கூடாது.

அந்த ஆமையைப் படமெடுத்து இந்த அத்தியாயத்தோடு அனுப்பச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அனுப்பத் தொடங்கினேன், இப்போது புதன். கட்டுரை வந்துவிட்டது என்கிறார்கள், எழுத்து எடை குறைவு. இந்தப் பக்கத்தில் ஆமையின் படம் இருந்தால் மதினிக்கு அன்று மனமிரங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். இல்லாவிட்டால், அது வந்துகொண்டிருக்கிறது. ஓட்டின் மேல்விளிம்பு போய்ச் சேர்ந்திருக்கும்.